திரும்பிப் போனவர்களின் கணக்கு

தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளாக ‘துணைவேந்தர்’ என்ற சொல், ‘காலியிடம்’, ‘வழக்கு’ என்ற இரண்டு சொற்களின் துணையில்லாமல் செய்தித்தாளில் வருவதே அரிதாகிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான நாற்காலி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. நிர்வாகத்தை ஒருங்கிணைப்புக் குழு பார்த்துக்கொண்டது. வேறு பல பல்கலைக்கழகங்களின் கதையும் இதுதான். நியமிக்கும் அதிகாரம் வேந்தரான ஆளுநருக்கா, மாநில அரசுக்கா என்ற சண்டை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையில் மறுபடியும் முட்டி நின்றது. தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆள் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று இரு தரப்பும் மூச்சுப்பிடித்து வாதாடின. இத்தனை இரைச்சலிலும் ஒரு கேள்வி மட்டும் எழவேயில்லை. இதற்கு முன் அமைந்த தேடுதல் குழுக்களுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? யார் எந்தக் கட்டத்தில் கழிக்கப்பட்டார்கள்? கையெழுத்துப் போடுவது யார் என்பதில் இரு தரப்புக்கும் இருந்த அக்கறை, கழிக்கப்பட்டவர்கள் யார் என்பதில் ஒரு தரப்புக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உயர்கல்வியில் சமத்துவமும் தலைமையும் என்பது இன்று உலகளவில் ஒரு தனி ஆய்வுக்களம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் மார்லியும் பார்பரா கிராசவார்டும், பிரிட்டிஷ் கவுன்சிலுக்காகத் தெற்காசியப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியாவின் 431 துணைவேந்தர்களில் பெண்கள் 13 பேர்தான் என்று அது சொன்னது. அந்தப் 13 பேரிலும் ஆறு பேர் மகளிர் பல்கலைக்கழகங்களை நடத்தியவர்கள். இருபாலரும் படிக்கும் பல்கலைக்கழகங்களுக்கென்று கணக்குப் பார்த்தால் மிஞ்சியது ஏழு பேர். பத்தாண்டு கழித்தும் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த 13-ஐயே எடுத்துக்காட்டுகிறார்கள். வருடாவருடம் புதுப்பிக்கப்பட்ட அரசு அட்டவணை ஒன்று கையில் இருந்தால் யாரும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். இத்தகைய ஆய்வாளர்களுக்கு விருதும் கருத்தரங்க மேடையும் தருவதில் நமக்குச் சிரமமில்லை. அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது தரவு. உதவிப் பேராசிரியர் முதல் துணைவேந்தர் வரை ஒவ்வொரு நியமனத்திலும் விண்ணப்பித்தவர், சுருக்கப் பட்டியலுக்கு வந்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், தேர்வானவர் ஆகியோரின் எண்ணிக்கையைப் பாலினம், சாதிப் பிரிவு வாரியாகப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும்; அதையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நம்மிடம் எண்ணிக்கையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒன்றிய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2021-22-க்கான அதன் அறிக்கைப்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி, அதில் பெண்கள் 2.07 கோடி. ஆசிரியர்கள் ஏறத்தாழ 16 லட்சம்; அவர்களில் பெண்கள் 43 சதவீதம். பாதிக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பொதுப்பிரிவினர். தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரியான 28.4-ஐ விட மிக உயரத்தில் இருக்கிறது. எல்லாம் பயனுள்ள எண்கள்தான். ஆனால் இவை உள்ளே வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களின் கணக்கு இதில் இல்லை. ஒரு துறையில் பத்துப் பேராசிரியர்களில் ஒருவர்தான் பெண் என்று தெரிந்தால், பெண்கள் விண்ணப்பிக்கவில்லையா, விண்ணப்பித்தும் அழைக்கப்படவில்லையா, அழைக்கப்பட்டும் நேர்காணலில் கழிக்கப்பட்டார்களா என்று அந்த எண் சொல்லாது. மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் மருந்தும் வேறு. உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சமத்துவம் பேசுவது, தேறியவர்கள் பட்டியலை மட்டும் பார்த்துத் தேர்வு கடினமா எளிதா என்று தீர்ப்பளிப்பது போன்றது. அந்த 43 சதவீதத்தில் நிரந்தரப் பணியில் இருப்பவர் எத்தனை பேர், மாதத் தொகுப்பூதியத்துக்கு வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளர் போன்றோர் எத்தனை பேர் என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி. துறைத் தலைவர் நாற்காலிக்கே போக முடியாத பணியில் இருப்பவரைத் தலைமைக்கான வரிசையில் நிற்பவராக எண்ணுவதில் பொருளில்லை.

திரும்பிப் போனவர்களையும் சேர்த்து எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்கு மிகச் சிறந்த சான்று ஸ்வீடனில் கிடைத்தது. 1990-களில் அங்கே மருத்துவ உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றோரில் 44 சதவீதம் பெண்கள். பேராசிரியர்களில் 7 சதவீதம். பெண்களுக்கு ஆராய்ச்சி ஊக்கம் குறைவு என்பதுதான் வழக்கமான விளக்கம். கோட்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார்கள். ஸ்வீடிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1995-இல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நல்கைக்கு 114 விண்ணப்பங்களைப் பரிசீலித்திருந்தது. 62 ஆண்கள், 52 பெண்கள். நல்கை கிடைத்தது 20 பேருக்கு. அதில் பெண்கள் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டாளர்கள் போட்ட மதிப்பெண்ணைத் தாருங்கள் என்று இருவரும் கேட்டார்கள். மன்றம் மறுத்தது. அவை அரசு ஆவணங்கள், கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகே தாள்கள் கைக்கு வந்தன. ஒவ்வொரு விண்ணப்பதாரரின் கட்டுரை எண்ணிக்கை, அவை வெளிவந்த இதழ்களின் தரம், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு, மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பெண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் அவரைப் போல் இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது என்ற முடிவு 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

அந்தக் கட்டுரையில் நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரிகிற ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. மதிப்பீட்டுக் குழுவில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் விண்ணப்பதாரருக்குக் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. தனக்கு வேண்டியவருக்கு அந்த உறுப்பினரே மதிப்பெண் போடக் கூடாது என்று விதி இருந்தது, அவரும் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் போட்டார்கள். சிபாரிசு என்பது யாரும் வாய் திறக்காமலே வேலை செய்யும் என்பதை எண்ணால் நிறுவிய கட்டுரை அது. பிற்காலத்தில் அதே மன்றத்தின் 2004-ஆம் ஆண்டு முடிவுகளை வேறு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு காணப்படவில்லை. வேண்டியவருக்குக் கிடைக்கும் சலுகை மட்டும் அப்படியே இருந்தது. எதைத் திருத்த முடிந்தது, எது திருந்தவில்லை என்று அந்நாடு தெரிந்துகொண்டதும் இரண்டாம் முறை எண்ணியதால்தான். நம் நிறுவனங்களில் பாகுபாடு இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும் இல்லை என்று இன்னொருவர் சொன்னாலும், இருவரிடமும் அப்படியொரு தாள் இல்லை. உரத்த குரல் எந்தப் பக்கமோ, வாதமும் அந்தப் பக்கம் சாய்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்தது இதைவிடவும் எளிமையான எண்ணிக்கை. 1994-இல் அதன் அறிவியல் பிரிவில் நிரந்தரப் பணி உறுதி பெற்ற ஆண் பேராசிரியர்கள் 194 பேர்; பெண்கள் 15 பேர். உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் தனக்குத் தரப்பட்டிருக்கும் ஆய்வுக்கூடம் சக ஆண்களுடையதைவிடச் சிறியது என்று புகார் சொன்னபோது யாரும் ஏற்கவில்லை. அவர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய்க் கட்டடத்தை அளந்தார். பெண் பேராசிரியர்கள் ஒன்றுசேர்ந்து குழு அமைக்கக் கோரி, சம்பளம், இடம், நிதி, குழுக்களில் பங்கு என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். 1999-இல் வெளியான அறிக்கையின் முடிவுகளை நிறுவனத் தலைவர் சார்லஸ் வெஸ்ட் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். இத்தனைக்கும் ஹாப்கின்ஸ் பணிப் பாதுகாப்பு பெற்ற மூத்த பேராசிரியர். பதவி உயர்வுக் கோப்பு துணைவேந்தர் மேசையில் கிடக்கும் ஓர் இணைப் பேராசிரியர், தன் பல்கலைக்கழகத்தை அளக்க அளவுநாடாவோடு கிளம்புவாரா? உயர்கல்வியில் சமத்துவத்தை ஆராய்கிறவர்களுக்கு இருக்கும் வினோதமான சங்கடம் இது. அவர்கள் ஆராயும் பொருளே அவர்களுக்குச் சம்பளம் தருகிறது. தரவைப் பெறுவதற்கு ஆய்வாளரின் தனிப்பட்ட துணிச்சலை நம்பியிருப்பது ஒரு முறைமையே ஆகாது. தரவு பொதுவில் இருந்தால் உள்ளேயிருப்பவர் எண்ணாவிட்டாலும் வெளியூர்க்காரர் எண்ணிக்கொள்வார்.

பிரிட்டனில் அதுதான் நடக்கிறது. அங்கே பேராசிரியர்களின் பாலினமும் இனமும் ஆண்டுதோறும் தேசிய அளவில் வெளியாகின்றன. அந்த அட்டவணை இருந்ததால்தான் நாடு முழுக்கக் கறுப்பினப் பெண் பேராசிரியர்கள் 25 பேர்தான் என்பதை நிக்கோலா ராலக் என்ற ஆய்வாளரால் சொல்ல முடிந்தது. அவர்களில் 20 பேரை நேரில் கண்டு பேசி அவர்கள் கடந்துவந்த பாதையை 2019-இல் அறிக்கையாக்கவும் முடிந்தது. இந்தியாவில் பெண், பட்டியல் சாதி, பேராசிரியர் என்ற மூன்று வடிகட்டிகளையும் ஒருசேரப் போட்டு, துறைவாரியாக ஒரு பட்டியலைக் கையில் எடுக்க முடிந்தால் அதே போன்ற ஆய்வை இங்கேயும் செய்யலாம். இருக்கும் தரவைக் கொண்டு சிலர் முயன்றிருக்கிறார்கள். ‘பயஸ்வாட்ச் இந்தியா’ என்ற சிறு அமைப்பு, இணையதளங்களில் இருக்கும் ஆசிரியர் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 98 நிறுவனங்களின் அறிவியல், பொறியியல் துறைகளில் பெண் ஆசிரியர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கலாம். சாதியை ஊகிப்பது பிழை, அநாகரிகமும்கூட. விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் பெயர் எந்த இணையதளத்திலும் இருக்காது.

எண்ணுவது தமிழ்நாட்டுக்குப் புதிய பழக்கமா என்ன? நம்முடைய சமூகநீதி அரசியலின் தொடக்கமே ஓர் எண்ணிக்கைதான். 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர்கள். இப்படிப்பட்ட கணக்குகளை அடுக்கித்தான் 1916-இன் பிராமணரல்லாதார் அறிக்கை தன் வாதத்தை எழுப்பியது. அரசுப் பள்ளி மாணவர்களில் மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத் தேய்ந்துவிட்டார்கள் என்ற கணக்கிலிருந்துதான் 2020-இன் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பிறந்தது. ஐஐடிகளில் மாணவியர் எண்ணிக்கை வெளிப்படையாகத் தெரிந்ததால்தான் 2018-இல் 14 சதவீதம், 2020-இல் 20 சதவீதம் என்று கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. பொறியியல் கலந்தாய்வில் ஒரு மாணவரின் கட்-ஆஃப், தரவரிசை, இனப்பிரிவு எல்லாம் ஊரறிய வெளியாகின்றன. பதினேழு வயதுப் பிள்ளை இத்தனை வெளிச்சத்தில் நிற்கிறது. அதே பிள்ளை முனைவர் பட்டம் வாங்கி உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போகும்போது வெளிச்சம் பாதியாகிவிடுகிறது. பேராசிரியர் பதவிக்குப் போகும்போது மங்கலாகிவிடுகிறது. துணைவேந்தர் தேடுதல் குழுவின் அறைக்குள் மொத்தமாக அணைந்துவிடுகிறது. அதிகாரம் கூடக்கூட வெளிச்சம் குறைகிற இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இதனால் யாருக்கு வசதி என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தலைமைப் பதவிக்குத் தகுதிதான் அளவுகோல், பாலினத்தையும் சாதியையும் எண்ணுவதே தகுதியை அவமதிப்பது. தகுதியின் மேல் உண்மையான பற்று உள்ளவர் எண்ணிக்கைக்கு அஞ்ச வேண்டிய அவசியம் என்ன என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதைவிடக் கனமான பதில் ஒன்று இருக்கிறது. தகுதி என்று நாம் சொல்வது எப்படி உருவாகிறது என்பதே ஆராய வேண்டிய பொருள். சென்னை ஐஐடியின் வரலாற்றை முன்வைத்து மானிடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் எழுதிய நூல், தலைமுறைகளாகச் சேர்ந்த சாதி வசதி எப்படித் தனிமனிதத் திறமை என்ற உடையை மாட்டிக்கொள்கிறது என்று விரிவாகக் காட்டியது. மறுபுறம், பாகுபாட்டைப் பற்றிய சோதனை ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில் பேசுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012-இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தை ஜான் என்றும் ஜெனிஃபர் என்றும் பெயர் மாற்றிக் கொடுத்தபோது, ஜானைத் திறமைசாலி என்றார்கள். அதிகச் சம்பளமும் தர முன்வந்தார்கள். 2015-இல் வேறொரு குழு, உதவிப் பேராசிரியர் பணிக்கான கற்பனை விண்ணப்பங்களைக் கொடுத்துப் பார்த்தபோது பேராசிரியர்கள் பெண்களையே இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் விரும்பினார்கள். சமத்துவம் பேசுகிறவர்கள் முதல் ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டுவதும், எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்காட்டுவதும் வாடிக்கை. கற்பனை விண்ணப்பத்தை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை, திருநெல்வேலியிலோ வாராணசியிலோ நடந்த உண்மையான நேர்காணலைப் பற்றி எதையும் முடிவு செய்துவிடாது. அதற்கு இங்குள்ள நேர்காணல்களின் கணக்கு வேண்டும்.

காலம் சரிசெய்துவிடும் என்பது இரண்டாவது வாதம். இன்று வகுப்பறையில் பாதி பேர் பெண்கள். இருபது ஆண்டுகளில் அவர்களே மேலே வருவார்கள் என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஹன்சா மேத்தா பரோடா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானது 1949-இல். இருபாலர் பயிலும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஒரு பெண் தலைமையேற்றது அதுவே முதல் முறை. அதிலிருந்து 66 ஆண்டுகள் கழித்து வந்த சசெக்ஸ் அறிக்கையில் இருந்தது 13 பேர். முதல் ஐஐடி 1951-இல் காரக்பூரில் தொடங்கியது. ஐஐடி வளாகம் ஒன்றின் முதல் பெண் இயக்குநராகப் ப்ரீத்தி அகலயம் 2023-இல் பொறுப்பேற்றார், அதுவும் சான்சிபாரில். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தர் கிடைத்தது 2024-இல். அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த, தமிழ் வழியில் படித்த ந.கலைச்செல்வி 2022-இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநரானார். அதே ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வெ.கீதாலட்சுமி முதல் பெண் துணைவேந்தரானார். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வசந்தி அரசரத்தினம் 2011-இலேயே அந்தப் பொறுப்புக்கு வந்திருந்தார். இவை பெருமைப்பட வேண்டிய செய்திகள். ‘முதல் பெண்’ என்ற தலைப்பு 2024-இலும் நாளிதழில் வந்துகொண்டிருப்பது வேறு செய்தி. காலம் தானாக எதையும் செய்வதில்லை. மானியக் குழுவின் 2018 விதிகளைப் பாருங்கள். துணைவேந்தராகப் பேராசிரியர் பதவியிலோ பெயர்பெற்ற ஆராய்ச்சி, கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்தாண்டு அனுபவம் வேண்டும். குழந்தைப்பேறு, வளர்ப்பு, கணவரின் பணியிட மாற்றம் ஆகியவற்றால் ஒரு பெண் ஐந்தாண்டு தாமதமாகப் பேராசிரியரானால், அந்தத் தாமதம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பத்தாண்டு விதியின் வழியாக உச்சிவரை கூடவே வருகிறது. விதி நடுநிலையானது; விளைவு நடுநிலையானதாக இல்லை.

பெண்களுக்கே அந்தப் பதவிகளில் விருப்பமில்லை என்ற மூன்றாவது வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சசெக்ஸ் அறிக்கையும் இதை நேர்மையாக எதிர்கொண்டது. நிராகரிக்கப்படுவது மட்டுமல்லாமல் மறுப்பதும் தயங்குவதும் அதில் முக்கியமான தலைப்புகள். கட்சிக்காரர்களின் தொலைபேசி, ஒப்பந்ததாரர்களின் நெருக்கடி, மாணவர் போராட்டம், நள்ளிரவுக் கூட்டங்கள் என்றிருக்கும் வேலையை அறிவுள்ளவர் வேண்டாம் என்று சொல்வதில் வியப்பில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே வேலையைத் திருத்துவதா, தேர்வைத் திருத்துவதா என்று முடிவெடுக்க முடியும்? தகுதியுள்ள நூறு பெண் பேராசிரியர்களில் ஐந்து பேர்தான் விண்ணப்பித்தார்கள் என்றால் பதவியின் தன்மையை ஆராய வேண்டும். நாற்பது பேர் விண்ணப்பித்து ஒருவரும் இறுதி மூவரில் வரவில்லை என்றால் குழுவை ஆராய வேண்டும். இன்று இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே ‘அவர்களுக்கே விருப்பமில்லை’ என்பது ஆதாரம் தேவைப்படாத உண்மையாக உலவுகிறது.

சமத்துவ ஆய்வுகளின் மேலேயே வைக்கப்படும் ஒரு விமர்சனம் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. பெண்களை மட்டும் எண்ணினால் அதன் பலன் ஏற்கெனவே வசதியான சாதிகளின் பெண்களுக்கே போய்ச் சேரும் என்பதே அது. இது வெறும் ஐயம் இல்லை, நியாயமான எச்சரிக்கை. மேற்கத்திய ஆய்வுகளை அப்படியே இறக்கினால் சாதி என்ற கட்டமே அட்டவணையில் இருக்காது. அதனால்தான் இரண்டையும் ஒரே அட்டவணையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட வேண்டும் என்கிறேன். ஒன்றிய நிறுவனங்களில் ஆசிரியர் நேர்காணலுக்குப் போய்வந்தவர்களிடம் ‘என்.எஃப்.எஸ்.’ என்ற மூன்றெழுத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ‘தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை’ என்று குழு எழுதிவைக்கும் குறிப்பு அது. இட ஒதுக்கீட்டுப் பணியிடம் மறுபடி காலியாகவே நிற்கும். பின்னடைவுக் காலியிடங்களின் பட்டியலில் இன்னொரு வரி சேரும். துறையையே அலகாகக் கொண்டு இட ஒதுக்கீட்டைச் சுருக்கிய தீர்ப்பைச் செல்லாததாக்க நாடாளுமன்றம் 2019-இல் தனிச் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டம் பணியிடத்தைக் காப்பாற்றியது. அதற்குள் ஆள் வருவதை உறுதி செய்யவில்லை. நேர்காணலுக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்றவர் எத்தனை பேர், எத்தனை பேர் மேல் ‘தகுதியற்றவர்’ என்ற முத்திரை விழுந்தது, குழுவில் இருந்தவர்கள் யார் என்ற நான்கு விவரங்களும் வெளியானால் அந்த மூன்றெழுத்து எழுதும் கை கொஞ்சம் நிதானிக்கும்.

நிர்வாகிகள் சொல்லும் மறுப்பு காகிதச் சுமை. இதில் அனுபவம் பேசுகிறது. பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய ‘ஏதீனா ஸ்வான்’ சாசனம் பல்கலைக்கழகங்களின் பாலினச் சமத்துவத்துக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருது தந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெருநிதி வேண்டுமானால் வெள்ளியாவது வேண்டும் என்று 2011-இல் நிபந்தனை வந்தபோது எல்லோரும் ஓடிஓடி விண்ணப்பம் தயாரித்தார்கள். கட்டுக்கட்டான அந்த விண்ணப்பங்களை எழுதும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது என்பது கசப்பான வேடிக்கை. 2020-இல் அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டார்கள். அதே 2020-இல் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘கதி’ என்ற பெயரில் இதே மாதிரியில் 30 நிறுவனங்களில் சோதனை முயற்சி தொடங்கியது. சுயமதிப்பீட்டு அறிக்கை, செயல்திட்டம், பதக்கம் என்ற வழியில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. அங்கே நிறுவனம் தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதுகிறது. நான் கேட்பது கட்டுரை இல்லை. விண்ணப்பங்கள் இப்போது இணையவழியில்தான் பெறப்படுகின்றன. பாலினமும் சாதிப் பிரிவும் படிவத்திலேயே இருக்கின்றன. கூட்டிப் பார்த்து ஒரு பக்கத்தில் வெளியிட ஓர் அலுவலக உதவியாளருக்கு ஒரு பிற்பகல் போதும்.

தனியுரிமை என்ற தடை உண்மையானது. ஒரு பதவிக்கு ஒரே ஒரு பழங்குடிப் பெண் விண்ணப்பித்து அவர் கழிக்கப்பட்டால், பெயர் போடாவிட்டாலும் அது யார் என்று வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருக்கும் கட்டங்களைச் சேர்த்து, மூன்று ஆண்டுக்கொரு முறை தொகுத்து வெளியிடும் வழக்கம் புள்ளியியலில் பழையது. மக்கள்தொகைக் கணக்கும் மருத்துவத் தரவும் அப்படித்தான் கையாளப்படுகின்றன. கவலை தர வேண்டியது இதற்கு எதிர்த்திசை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, தனிப்பட்ட தகவலையும் பொதுநலன் கருதித் தரலாம் என்று ஒரு வழி வைத்திருந்தது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே திருத்தித் தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. இனி விண்ணப்பம் போட்டுக் கேட்பவருக்கு மறுப்பது முன்பைவிட எளிது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் இந்தியாவில் பிறந்திருந்தால் அவர்களுடைய கட்டுரை ‘தகவல் வழங்க இயலாது’ என்ற ஒரு வரிக் கடிதத்தோடு முடிந்திருக்கும். ஆகவேதான், கேட்டால் தருவது என்ற ஏற்பாட்டை நம்பாமல், அதே தகவல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்லும் தாமாக முன்வந்து வெளியிடும் கடமைக்குள் இந்த எண்ணிக்கையைக் கொண்டுவர வேண்டும். அங்கே பெயர்கள் தேவையில்லை, எண்கள் போதும்.

தமிழ்நாடு இதற்கு ஒன்றிய அரசையோ மானியக் குழுவையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற வழக்கு எப்படி முடிந்தாலும் சரி. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், புல முதல்வர், துறைத் தலைவர், அரசுக் கல்லூரி முதல்வர் ஆகிய பொறுப்புகளின் கணக்கை வெளியிட எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. உயர்கல்வித் துறையின் ஓர் அரசாணை போதும். தேடுதல் குழுக்கள் மறுபடி அமையும் நாளில், விண்ணப்பங்களைக் கோரும் அறிவிப்பிலேயே இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: தேர்வு முடிந்த முப்பது நாள்களுக்குள் ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சியவர்களின் எண்ணிக்கை பாலினம், இனப்பிரிவு வாரியாகப் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடப்படும். அந்த வரிக்கு ஆளுநர் மாளிகையும் கோட்டையும் ஒருசேர ஆட்சேபம் சொல்லுமானால், பல ஆண்டுகளில் இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயமாக அது இருக்கும்.